வெளிச்சக் கண்ணாடியில் வைத்த பொட்டு

மைக்ராஸ்கோப்பில் முதலில் கெடுவது விளக்கு. திட்டு விழுவது அதில் கண் வைத்துப் பார்ப்பவருக்கு. லேப்களில் அல்லாடும் தோழர்களே, இது உங்களுக்குத் தெரியும். சங்கம் வைத்ததற்காக, வேலை பார்த்த கம்பெனி என்னை வெளியே தள்ளியது. நான் யார் காலிலும் விழவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பைக்கில் அலைந்து மைக்ராஸ்கோப் பழுது பார்க்கிறேன். துண்டறிக்கை படித்து எழுதப் பழகியவன், பூசி மெழுகத் தெரியாது.

மல்லாட்டைக் கை

விழுப்புரத்தில் ஒரு தனியார் லேப். புது பல்பு மூன்றாம் நாளே வெடித்துவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தேன். கண்ணாடி ஒரு பக்கம் கருகிப் புடைத்து உடைந்திருந்தது. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். தாளில் பிடித்துத்தான் மாட்ட வேண்டும்.

"மாட்டும்போது கையில் என்ன இருந்தது?" என்று டெக்னீஷியன் முருகனைக் கேட்டேன். வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்றுகொண்டே மாட்டினாராம். சொல்லிவிட்டு என்னையே முறைத்தார்: "மல்லாட்டை தின்னா பல்பு வெடிக்கும்னு பாடத்துல இல்லீங்களே!"

ஆயுத பூஜை

அந்த விழுப்புரம் லேப் முதலாளிக்குத் திண்டிவனத்திலும் ஒரு லேப். அங்கே வெளிச்சம் மங்கல் என்று அனுப்பினார். "முழுசா ஏத்தி வெச்சிக்கினுதான் சார் பாக்குறேன். அப்பவும் மங்கல்" என்றாள் டெக்னீஷியன் வசந்தி.

ஸ்லைடு வைக்கும் தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வெளிச்சம் மேலே வருகிற வட்டக் கண்ணாடியின் மேல் நீல ஃபில்டர் இருக்கும். மஞ்சளடிக்கும் பல்பு வெளிச்சத்தை அதுதான் வெள்ளையாக்கும். அந்த ஃபில்டர் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். சூட்டில் காய்ந்து அப்பியிருந்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு மாதம். பல்பு பழசானதால்தான் சிவப்படிக்கிறது என்று வசந்தி நினைத்திருக்கிறாள்.

கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலை இருமிக்கொண்டே கிட்டே வந்தாள். லேப்பைச் சுத்தம் செய்பவள். முகத்தில் அப்படியொரு பெருமை. "நான்தாங்க வெச்சேன். கண்ணு மாதிரி வட்டமா இருந்துச்சா, நல்லா அழுத்தி வெச்சேன்."

சிவப்புக் குச்சிகள்

விளக்கை அணைத்து ஆறவிட்டேன். ஃபில்டரை எடுத்துத் தூசி ஊதி, லென்ஸ் தாளில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். அடிக் கண்ணாடியையும் துடைத்துப் புது பல்பு மாட்டினேன். பால் போல வெளிச்சம் வந்தது. நான் சிரித்தேன், வசந்தி சிரிக்கவில்லை.

போன மாதம் அஞ்சலையின் சளியை இதில்தான் பார்த்தாளாம். சாயம் ஏற்றிய சளியில் காசநோய்க் கிருமி நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரியும். வெளிச்சமே மங்கிச் சிவந்திருந்தால் அது எங்கே தெரிய? பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஒரு குச்சி, இரண்டு, பிறகு ஒரு கொத்து. வாசலில் அஞ்சலை இருமும் சத்தம் கேட்டது. "கிருமி இல்லேன்னு நான்தான் சார் கையெழுத்து போட்டேன்" என்றாள் வசந்தி.

அஞ்சலையின் கேள்வி

முதலாளிக்குப் போன் போட்டோம். "ரிப்போர்ட் போயாச்சு தோழர், கிளறாதீங்க. லேப் பேரு நாறிடும்" என்றார். இப்படிப்பட்ட குரலை எதிர்த்தே நரைத்தவன் நான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் வசந்தி பழைய ரிப்போர்ட்டின் நகலைக் குறுக்கே கோடிட்டு அடித்து, புதிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அஞ்சலையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கிருமி இருக்கிறது, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி சளி கொடுக்க வேண்டும், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகும். அஞ்சலை அழுவாள், இல்லை எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மிஷினைக் காட்டிக் கேட்டாள்: "எனக்குச் சொல்லிட்டீங்க. பூஜைக்கப்பறம் இதுல பாத்துக்கினு போனாங்களே, அவங்களுக்கெல்லாம் யாரு போய் சொல்றது?"

ஃபில்டர் துடைப்பது ஐந்து நிமிஷ வேலை என்று எங்கும் பெருமையடிப்பவன் நான். வசந்தி அலமாரியிலிருந்து இறக்கிய இரண்டு மாத ஸ்லைடுப் பெட்டிகளில் முதலாவதைத் திறந்து, மறுபடி பார்க்க ஒவ்வொரு ஸ்லைடாக அவளிடம் எடுத்துக் கொடுத்தேன்.