மருமகளின் மொழியில் சுருக்கமாகப் பேசுதல்

என் மருமகள் முதன்முதலாகப் போனில் என்னோடு பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. இங்கிலீஷில் சுகமா என்று கேட்டாள், சுகம் என்றேன். சாப்பிட்டாயா, என்ன சமைத்தாய், அங்கே குளிர் எப்படி என்று நான் ஆரம்பிப்பதற்குள் "லபி" என்று சொல்லி வைத்துவிட்டாள். லபி என்றால் லாத்விய மொழியில் 'சரி, நல்லது' என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாயால் பிழைத்தவள் நான். எங்கள் ஊர் மஹய்யாவவில் பாண் வாங்கக் கடைக்குப் போனால் வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். என்னிடமா முகத்தில் அடித்த மாதிரிப் போனை வைப்பது?

எங்களுக்கு ஒரே பிள்ளை. லாத்வியாவில் ரீகாவுக்குப் படிக்கப் போனவன் அங்கேயே வேலை தேடி, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். "அம்மா, அவ கோவத்துல வைக்கல. இங்க எல்லாரும் அப்படித்தான். விஷயம் முடிஞ்சா பேச்சும் முடிஞ்சிரும். நீங்க அவங்க பாஷையில சுருக்கமா பேசிப் பழகுங்களேன், சந்தோஷப்படுவா" என்று சமாதானம் சொன்னான்.

சரி, அதையும் ஒரு கை பார்ப்போம் என்று நான் ஒரு கொப்பியை எடுத்தேன். அவன் வாரம் ஒன்றிரண்டு குரல்பதிவு அனுப்புவான். காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைப்பேன். 'ஈசி சகுவோத்' என்றால் சுருக்கமாகச் சொன்னால். 'வார்து சகுவோத்' என்றால் ஒரு வார்த்தையில் சொல்லப்போனால். 'ஈசி உன் ஸ்கைத்ரி' என்றால் சுருக்கமாக, தெளிவாக. 'உன் விஸ்' என்றால் அவ்வளவுதான். சோறு வடிக்கும்போதும் இதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "முப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்லிக் கேக்காதவ, இப்ப வெள்ளைக்காரி சொல்லிக் கேக்குறா பாரு!" என்பார். அவர் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேத வாசகம் வாசிக்க எழுந்தார் என்றால் மைக் தேவையில்லை, கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்.

அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று மல்லித் தண்ணீர் கொடுத்தேன், கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு. ஒரு மாதம் குடித்தும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினால் தொண்டையில் கட்டி என்றார்கள். ஆறு வாரத்தில் ஒப்பரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், பிறகு பேச்சு வராது என்று டொக்டர் சொன்னார். மாதாவே!

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "பயலுக்குச் சொல்லாத." மகன் அங்கே விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். கேள்விப்பட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவான், வந்தால் திரும்பிப் போக முடியுமோ என்னவோ. "எல்லாம் முடிஞ்ச பொறகு சொல்லலாம்" என்றார். நானும் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். எங்கள் சனங்களிடம் இது ஒரு பழக்கம். கெட்ட செய்தியை நேராகச் சொல்லமாட்டோம். என் அப்பா செத்தபோது எனக்கு வந்த தகவல், அப்பாவுக்குக் காய்ச்சல், வந்து பார்த்துவிட்டுப் போ என்பதுதான். ஒரு சாத்துக்குடிப் பையோடு பஸ்ஸில் போய் அப்பா இருந்த ஹுன்னஸ்கிரியவில் இறங்கினேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போகும் பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். அந்தக் கொடிகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர்கள் மேல் எத்தனை வருஷம் ஆத்திரமாக இருந்தேன்! அதையே என் பிள்ளைக்கும் செய்தேன்.

ஆறு ஞாயிறும் மகனிடம் நான்தான் பேசினேன். மழை, மண்சரிவு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று மூச்சுவிடாமல் அளந்துகொண்டிருந்தேன். அப்பாவின் குரல் ஏன் இப்படி என்றால் சளி என்றேன். அவன் நம்பினான். கடைசி ஞாயிறன்று மட்டும் அவரே போனைக் கையில் வாங்கினார். பேசாத மனுஷன் அன்றைக்குப் பேசிக்கொண்டே இருந்தார். அவன் சின்ன வயதில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் செருப்பைத் தவறவிட்டு அழுததை எல்லாம் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மகன், "சரிப்பா, கடைக்குப் போகணும், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான். அவர் போனைத் துடைத்து மேசையில் வைத்தார். நான் குசினிக்குப் போய் அழுதேன்.

புதன்கிழமை காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நேரமாகும் என்றதால் மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலுமாரியைத் திறக்கும்போது போன் அடித்தது. மருமகள். அங்கே இன்னும் விடியவில்லை, மகன் தூங்குகிறானாம்.

"கஸ் அர் தேத்தி?" என்றாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவரது குரலை அவளும் கேட்டிருக்கிறாள். புருஷன் நம்பினான், அவள் நம்பவில்லை.

சளி, மழை என்று வாயெடுத்தேன். "ஈசி உன் ஸ்கைத்ரி" என்றாள். சுருக்கமாக, தெளிவாக. கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. தமிழில் என்றால் அரை நாள் சமாளித்திருப்பேன். அவள் பாஷையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சை முடிக்கிற வார்த்தைகள். ஒளிக்கிறதற்கு ஒரு வார்த்தைகூட நான் படிக்கவில்லை.

"ஸ்லிக்தி" என்றேன். மோசம் என்று அர்த்தம். தொண்டை, ஒப்பரேஷன், இன்றைக்கு என்று இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் போகப்போவதை மட்டும் சொல்ல நா எழவில்லை. அவனிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன்.

"நே" என்றாள். முடியாது, சொல்லத்தான் போகிறேன் என்கிறாள். "வின்ஷ் இர் தேல்ஸ்." அவன் மகன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரடி நீ, எங்கள் வீட்டு விஷயத்தில், என்று அலுமாரியைப் பார்த்துக் கத்தினேன்.

ஐந்து நிமிடத்தில் மகனே போன் போட்டான். "அம்மா, அப்பாகிட்ட போனைக் குடுங்க."

"உள்ள கொண்டு போயிட்டாங்கப்பா. நான் உடுப்பு எடுக்க வந்தேன். மழை வேற, த்ரீவீலும் கெடைக்கல..."

"சரி, வெளிய வந்ததும் குடுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் முழிச்சிருக்கேன். ஒரு வார்த்தை அவரோட பேசணும்."

நான் அவருடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனிச் சுற்றி வளைக்க எனக்கும் தெம்பில்லை.

"நீ பேசலாம்பா. அவரு பேசமாட்டாரு. கொரல எடுத்துருவாங்க."

"ஞாயித்துக்கெழம அவர் பேசிக்கிட்டே இருந்தாரேம்மா" என்றான். "நான்தானே அவசரமா வச்சேன்."