முகம் எடுக்கும் லென்ஸ்

எழுபதுகளின் பிற்பாதியில் எனக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. கையிலிருக்கும் கேமராவைவிட, ஈப்போ டவுன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேமராதான் நல்ல படம் எடுக்கும் என்று நம்புகிற நோய். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. சம்பள நாளன்று கால் தானாகவே அந்தக் கடைக்குப் போகும். கடைக்காரச் சீனத் தவுக்கே என்னைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்துவிடுவார்.

எடுத்த படங்களைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். பாதிக்குமேல் செய்தித்தாள்தான். புதிய லென்ஸ் வந்ததும் லயத்து வீட்டுச் சுவரில் பழைய பேப்பரை விரித்துப் படமெடுத்து, மூலையிலுள்ள எழுத்துகூடத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். பேப்பருக்கு ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் அக்கா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த களைப்போடு அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"படிக்கிற பேப்பரப் போயி படம் புடிக்கிறானே இவன்" என்று சிரிப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். அக்காவுக்கு முப்பதை நெருங்கும்போது தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லோரி ஓட்டுநர், குடிக்காதவர். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மனைவிதான் இடையில் நின்று பேசினாள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு படம்.

"டவுன் ஸ்டூடியோவுல போயி எடுத்துக்கவா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"வேணாம்லா! மாவு பூசுன பொம்மையாட்டம் எடுத்துக் குடுப்பான். முகம் எடுக்கவே ஒரு லென்ஸ் இருக்கு. சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வாரம் பொறுத்துக்க."

அந்த லென்ஸ் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். பழையதைக் கொடுத்தால் விலை குறையும் என்று தவுக்கே சொன்னார். யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் ஏழு வாரமானது. அதுவரை வீட்டில் லென்ஸ் இல்லாத கேமரா ஒன்று அலமாரியில் இருந்தது. முதல் வாரமே இஸ்திரி போட்ட நீலச் சேலையை அக்கா மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, "ஐசி படத்தையே பெருசாக்கிக் குடுத்துருவமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அடையாள அட்டைப் படத்தில் உன் முகமா இருக்கிறது என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

எட்டாவது வாரம் லென்ஸோடு வீடு திரும்பியபோது மண்டோரின் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"அவங்க வேற எடத்துல முடிச்சிட்டாங்க. எத்தன தடவ கேட்டாங்க! பொண்ணு முகத்துல ஏதோ கொறை இருக்கு, அதான் படம் காட்ட மாட்றாங்கன்னு நெனச்சிட்டாங்க."

அந்தப் பேச்சு பக்கத்துத் தோட்டங்களுக்கும் போனது. அதன் பிறகு யாரும் படம் கேட்கவில்லை.

இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை நீலச் சேலை கட்டவைத்துப் படமெடுத்தேன். இமைமுடிகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குறையே இல்லாத முகம். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இத யாருக்கு அனுப்புறது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அத்தோடு கேமரா ஆசை விட்டுப்போனது என்று எழுதத்தான் விருப்பம். விடவில்லை. அடுத்த ஆண்டே அகலக் காட்சிக்கென்று இன்னொரு லென்ஸ் வாங்கினேன். வெட்கமில்லாமல் சுவரில் ஆணியும் அடித்தேன். நான் கூப்பிடுமுன்பே அக்கா வந்து பேப்பரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அகல லென்ஸ் என்பதால் பேப்பருக்கு அப்பாலும் விழுந்திருக்கிறது: பால் காய்ந்த விரல்கள், நீட்டிய கை, தோள். முகத்தை மட்டும் அக்கா அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அன்று பூதக்கண்ணாடியை வைத்து நான் எழுத்துகளைத்தான் பார்த்தேன்.