பத்து எண்ணுவதற்குள்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "ஐஸ் வேற, இது வேற. இது மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு. ஐஸையே இதுக்குள்ள போட்டா ஐஸுக்குக் குளிரும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் ஒருமுறை விளக்குவார். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மறுநாள் "ஐஸ்காரரே" என்றபடிதான் உள்ளே வருவார்கள்.

அவருடைய ராஜ்ஜியம் தரைத்தளத்தில் ஒரு நீள அறை. இடுப்பு உயரத்தில் ஆறு எஃகு டேங்குகள். உள்ளே திரவ நைட்ரஜன், அதில் அடுக்கடுக்காகப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் சுண்டுவிரல் பருமனில் குழாய்கள். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடமிருந்து எடுத்த செல்கள் அந்தக் குழாய்களில் உறைந்து கிடந்தன. உறைந்து கிடந்தாலும் அவை உயிரோடு இருந்தன. பதமாக வைத்திருந்தால் இருபது வருஷம் கழித்து எடுத்துச் சூடு காட்டினாலும் கண் விழித்துக்கொள்ளும். அவற்றின்மேல் புது மருந்தை விட்டுப் பார்க்கலாம். நோயாளி போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய நோயைக் கேள்வி கேட்கலாம்.

காலையில் வந்ததும் ஒரு நீள அளவுகோலை ஒவ்வொரு டேங்கிலும் விட்டு எடுத்து, காற்றில் இரண்டு வீசு வீசுவார். எதுவரை வெள்ளையாகப் பனி பூக்கிறதோ அதுவரை நைட்ரஜன் இருக்கிறது. குறைந்திருந்தால் நிரப்புவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டேங்கும் வற்றியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில்தான் அந்த மனுஷன் பெருமைப்பட்டுக்கொள்வார்?

சுவரில் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. 'பத்து எண்ணுவதற்குள் உள்ளே.' குழாயை வெளியே எடுத்தால் பத்து எண்ணி முடிப்பதற்குள் திரும்ப டேங்குக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் நின்றால் சூடு ஏறும். பார்வைக்கு உறைந்த மாதிரியேதான் இருக்கும், உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கும். அது வெளியே தெரியாது. என்றைக்காவது ஒருவர் உருக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒருமுறை ஓர் ஆராய்ச்சி மாணவி பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க வீட்டுப் பாலாம்மா இது? திரிஞ்சா வேற பாக்கெட் வாங்கிக்கலாம்னு நெனச்சியா? இந்த ஆள் செத்து எட்டு வருஷம் ஆச்சு. மறுபடியும் ரத்தம் எங்கேருந்து வரும்?"

அந்தப் பெண் அழுதேவிட்டாள். அப்படிக் கத்திய மனுஷர்தான் வருஷத்துக்கு ஒருமுறை, தான் எழுதிய அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நூறுக்கும் மேலே எண்ணிக்கொண்டிருந்தார்.

அது நானூற்றுப் பதினேழாம் எண் குழாய். குழாய்களில் பெயர் எழுதக்கூடாது என்பது சட்டம், எண் மட்டும்தான். ஆனால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த எண் போட்ட ஆறு குழாய்களை மூன்றாம் டேங்கில் இறக்கியவர் அவர்தான். அன்றைக்கு ரத்தம் கொடுத்தவள் ஒரே ஒருத்தி. அவருடைய மனைவி.

அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவளாக இருந்தாள். ஜன்னல் அளவைச் சொன்னால் போதும், கத்தரிக்கோல் வைக்குமுன்பே கண்ணால் வெட்டிவிடுவாள். மற்றவர்கள் வெட்டினால் காலடியில் துண்டுதுணி குவியும். அவள் வெட்டிய மேஜைக்கடியில் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. மிச்சம் என்றாலே அவளுக்கு ஆகாது. வீட்டிலும் அப்படித்தான். பற்பசை டியூபைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுத்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவாள்.

நோய் இன்னதென்று தெரிந்த வாரத்தில், மருந்து தொடங்குமுன் ஆராய்ச்சிக்கு ரத்தம் தர விருப்பமா என்று கேட்டார்கள். அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு கிண்ணம் வைக்க இடமில்ல. உங்க டேங்க்ல எனக்கு எடம் இருக்கா?"

"உனக்கில்லாத இடமா?" என்றார் அவர். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. கீழே இடம் இருந்ததைப் பார்த்து ஒரு வரி எழுதினாள். 'முழுசா உபயோகிச்சுக்குங்க. மிச்சம் வைக்காதீங்க.' செவிலியர், "இங்கெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்று முணுமுணுத்தார். எழுதியது எழுதியதுதான்.

அந்த நோய்க்கு அப்போது ஒரே ஒரு மருந்து. வந்தவர்கள் இரண்டு வருஷம் தாண்டுவது அபூர்வம். அவள் ஏழு வருஷம் இருந்தாள். ஏன் அவளுக்கு மட்டும் அந்த மருந்து அவ்வளவு நாள் பிடித்தது என்று டாக்டர்களுக்கே விளங்கவில்லை. பத்து வயதுப் பெண்ணைப் பதினேழு வயதாக்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஆறு குழாய்களில் மூன்று அவள் இருக்கும்போதே ஆராய்ச்சிக்குப் போயின. இறந்த வருஷத்தில் இரண்டு. முதல் நினைவு நாளன்று அவர் பெட்டியைத் திறந்தபோது ஒன்றே ஒன்று இருந்தது. வீட்டில் அவளுடைய புடவைகள் இருந்தன, படம் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது. ஆனால் உலகத்தில் அவளுடையது என்று உயிரோடு இருந்தது அந்த ஒரு குழாய்தான். அதிலும் பாதிக்குமேல் அவளைக் கொன்ற நோய்தான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தும், கைக்குட்டையில் சுற்றிய அந்தக் குழாயை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

முதல் வருஷம் இருபது வரைதான் எண்ணினார். அதற்குப் பிறகு பேச விஷயம் இருந்தது. பொண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது என்று சொன்ன வருஷம் நாற்பது. வேலை கிடைத்த வருஷம் எழுபது. கல்யாணம் நடந்த வருஷம் எண்ணவே மறந்துவிட்டார். மாப்பிள்ளை எப்படி, பொண்ணு என்ன உடுத்தியிருந்தாள், அழாமல் எப்படிச் சமாளித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துக் கைக்குட்டையைப் பிரித்தால், குழாயின்மேல் பனி முழுக்க விலகி எண் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே உறைந்திருந்தது ஓரம் விட்டு லேசாக வழுக்கியது. அவசர அவசரமாக உள்ளே வைத்தார். ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருப்பாரா?

நடுவில் ஒருமுறை, ஆறு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கடைசிக் குழாயைக் கேட்டு ஒரு சீட்டு வந்தது. அவர் குழாயை அடித்தட்டில் ஒரு பழைய பெட்டிக்கு மாற்றிவிட்டு, சீட்டில் 'காணவில்லை' என்று எழுதி அனுப்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அதுதான்.

காலம் மாறியது. இப்போது அந்த நோய்க்குப் புது சிகிச்சை வந்திருந்தது. நோயாளியின் உடம்பிலிருந்தே எதிர்ப்புச் செல்களை எடுத்து, வெளியே வைத்து நோயை அடையாளம் காணப் பழக்கி, பழையபடி உடம்புக்குள் ஏற்றினார்கள். பழகிய செல்கள் சிறுசிறு பைகளில் உறைந்து அவருடைய ஐந்தாம் டேங்குக்கு வந்து சேரும். ஏற்றுகிற அன்று அவரே படுக்கை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். எழுந்திருக்க முடியாமல் வந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இவள் கொஞ்சம் பொறுத்து நோயில் விழுந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரியும்.

அப்படி நடந்து போனவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். போகும்போது அறை வாசலில் நின்று, "ஐஸ்காரரே, உங்க சரக்குதான் உள்ள ஓடுது. வண்டி இனிமே நிக்காது" என்று சிரித்தார். கூட அவருடைய பெண் நின்றது. பத்து வயது இருக்கும்.

பத்து மாதத்தில் டிரைவர் திரும்பி வந்தார். நோயும் திரும்பி வந்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் டாக்டரம்மா ஒரு சீட்டோடு தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கே சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய கதை எதுவும் தெரியாது.

"அண்ணே, நானூத்திப் பதினேழுல ஒரு குழாய் காணலன்னு போட்டிருக்கு. உங்க டேங்க்ல ஒண்ணு காணாமப் போகும்னு நான் நம்பல. இன்னொரு தடவை தேடிப் பாக்கறீங்களா?"

"எதுக்கும்மா அது? அஞ்சு குழாய் ஏற்கெனவே போயிருக்கே."

"அப்ப இருந்த மிஷினுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது. இப்ப ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பாக்க முடியும். நம்ம லிஸ்ட்லயே பழைய மருந்துல ஏழு வருஷம் இருந்தவங்க இந்த ஒரே பேஷண்ட்தான் அண்ணே. இவங்களுக்கு ஏன் அத்தனை வருஷம் நோய் திரும்பல, டிரைவருக்கு ஏன் பத்து மாசத்துல திரும்பிச்சு? அதத்தான் இவங்க செல்லை வளத்துப் பாக்கணும்."

"கெடைச்சா டிரைவருக்கு உதவுமா?"

டாக்டரம்மா கையிலிருந்த சீட்டை மடித்தார். "பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு அவ்வளவு நேரம் இருக்குமான்னு தெரியல. அடுத்து வர்றவங்களுக்காவது உதவும். ஆனா செல் உயிரோட இருக்கணும். செத்துப்போனதை ஒண்ணும் கேக்க முடியாது."

"தேடிப் பாக்கறேன்" என்றார்.

அன்று மாலை வீட்டில் பீரோவைத் திறந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்தார். அவளுடைய எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை. 'மிச்சம் வைக்காதீங்க.' மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார், குழாயை ஒளித்து வைத்ததையும் சேர்த்து. கையில் வைத்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "குடுத்துடுங்கப்பா. அம்மா இருந்திருந்தா உங்களை உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பாங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை குழாயை இடுக்கியால் எடுத்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார். இந்த முறை மூன்று எண்ணுவதற்குள் மூடியாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும் அண்ணே! உங்க டேங்க்ல எதுவும் தொலையாது."

"நானும் பாக்கலாமா?"

"தாராளமா."

வெந்நீரில் குழாயை ஆட்டி உருக்கினார் டாக்டரம்மா. ஒரு சொட்டை எடுத்து நீலச் சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, வெள்ளையாகப் பளபளக்கும். செத்ததுதான் நீலமாகும். டாக்டரம்மா குனிந்தார். குமிழைத் திருகினார். இன்னொரு சொட்டு எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

"என்னம்மா?"

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். அவர் குனிந்து பார்த்தார். வட்டம் முழுக்க நீலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தேடினார். ஒரு வெள்ளைகூட இல்லை.

"விடுங்க அண்ணே. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி உறைய வெச்சவங்க சரியா செய்யாம விட்டிருப்பாங்க. அப்படியே எழுதிடறேன். உங்க பேர்ல எந்தத் தப்பும் வராது."

அவர் நிமிர்ந்தார். தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்தே இருந்தது. நைட்ரஜன் தழும்பேறிய வலது கையை டாக்டரம்மா முன் நீட்டினார்.

"அவங்களைச் சொல்லாதீங்கம்மா. நல்லாத்தான் வெச்சுக் குடுத்தாங்க. நான்தான் வருஷா வருஷம் இந்தக் கையில எடுத்து வெச்சுக்கிட்டிருந்தேன். பத்து தடவை. ஒரு தடவை ரொம்ப நேரம்."

"நீங்களா?" டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வராதா பின்னே? "உங்களுக்குத் தெரியாததா அண்ணே இது? எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதே நீங்கதானே! எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"அது என் வீட்டுக்காரிம்மா."

டாக்டரம்மா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்து அறையில் ஏதோ ஒரு மெஷின் வேலையை முடித்துக்கொண்டு கூவியது. யாரும் போய் நிறுத்தவில்லை.

அவர்தான் மறுபடி பேசினார். "நான் சொன்னதை அப்படியே எழுதுங்கம்மா. அடுத்தவங்களுக்கு அது தெரியணும். காலிக் குழாயைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தர்றீங்களா?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அது வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குட்டை வேண்டியிருக்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கியவர், நிறுத்திவிட்டார். இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. மகள் சௌக்கியம், மாப்பிள்ளை சௌக்கியம். மேல்மாடியில் ஒரு டிரைவர் படுத்திருக்கிறார், அவருக்கு ஒரு பெண் இருக்கிறது, நம்ம பொண்ணுக்கு அப்போது இருந்த அதே வயது.

"மிச்சம் வெச்சுட்டேன்மா, மன்னிச்சுடு" என்றார்.

பிறகு குழாயை மஞ்சள் குப்பைத்தொட்டியில் தானே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மூன்றாம் டேங்குக்கு இன்னும் அளவு பார்த்திருக்கவில்லை.