மேசைக் காலடியில் ஒரு நோட்டீஸ்

பாறசாலை பொன்னுதாஸுக்கு நெஞ்சில் காசநோய், வாயில் கோஷம். தமிழ் பேசும் எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி ஊரே கிளர்ந்திருந்த காலம் அது. தகரக் குழலை வாயில் வைத்து இரண்டு கோஷம் போடுவான், நடுவில் ஒரு இருமல். டாக்டர் சொன்னால் கேட்கிற ஆளா?

ஊசி போட்டு இருமல் நின்றதும் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பாலராமபுரத்து ரத்னபாய். "ரத்தம் சரியாட்டு வந்தா சபையில கல்யாண ஓலை வாசிக்கலாம், இல்லேண்ணா இல்ல" என்றார் அவள் அப்பா. கோயிலில் ஞாயிறு ஆராதனையில் கல்யாணத்தை அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்பார்கள்.

ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி வைப்பார்கள். உடம்பு இன்னும் கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் சிவப்பு வேகமாக அடியில் இறங்கிவிடும். மெதுவாக இறங்கினால் நல்லது.

நெய்யாற்றின்கரையில் பரிசோதனை செய்கிற கிருஷ்ணன்குட்டி குழாயை நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போனான். பொன்னுதாஸ் சும்மா இருந்தானா? மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது. பார்த்தால், அவனே வீடு வீடாகக் கொடுத்த போராட்ட நோட்டீஸ்!

"நம்ம நோட்டீஸை மேசைக்காலு மிதிக்கதா?" உருவினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், சட்டைப் பையில் வைத்தான். மேசை சாய்ந்தது. குழாயும் சாய்ந்தது. சாய்ந்த குழாயில் ரத்தம் சரசரவென்று இறங்கும் என்று அந்தப் புண்ணியவானுக்கு யார் சொல்வது?

அளவு கண்டபடி வந்தது. வாசலில் ரத்னபாயோடு காத்திருந்த அவள் அப்பா துண்டை உதறி எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணன்குட்டி மேசையில் கை ஊன்ற, அது ஆடியது.

"அய்யோ, அடியில் வெச்ச கடலாஸ் ஆரா எடுத்தது? மேச சரிஞ்ஞா கணக்கு தெற்றும்!" காகிதம் போனால் கணக்குத் தப்பிவிடும் என்று மலையாளத்தில் அலறினான்.

அந்தக் காகிதத்தை மடித்து வைத்து மேசையை மட்டம் பார்க்க அவன் ஒரு காலைப்பொழுதைத் தொலைத்திருந்தான். அதே மடிப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். பொன்னுதாஸ் பையைப் பொத்திக்கொண்டு நின்றான். ரத்னபாய் பார்த்துவிட்டாள்.

"அந்தக் காயிதம் அவ்வளவு பெருசாக்கும்ணா, அதையே கெட்டிக்கிடும். நான் வீட்டுக்குப் போறேன்."

பாவம், அவனே திரும்பச் செருகினான். புது ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை அது மெதுவாக, மரியாதையாக இறங்கியது. ஓலையும் வாசித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எல்லை போட்டபோது எங்கள் தாலுக்கா கேரளத்தோடு போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. பொன்னுதாஸ் சோற்றைத் தொடவில்லை.

"நோட்டீஸை மேசைக்கு அடியில வச்சம்லா, அந்தப் பாவமாக்கும்."

ரத்னபாய் அகப்பையோடு திரும்பினாள். "அப்போ வைக்காம இருந்திருக்கணுமோ?"

குழல் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் வாய் அது. அவசரமாக ஒரு கவளம் சோற்றை வாங்கிக்கொண்டது.