பத்துக் கல், ஒரு அண்ணன்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் லிஃப்டில் ஏறக் கூச்சப்பட்டார் என்றால் சிரிப்புத்தான் வரும். பயமெல்லாம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக கயிறு மாற்றி, கதவு சரிசெய்து, கிரீஸிலேயே குளித்த ஆள். ஆனால் சும்மா போகும்போது உள்ளே நாலு பேர் நின்றால் போதும், வாசலிலேயே ஒதுங்கிவிடுவார். "நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்." ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லுவார். அவர் கால் வைத்தால் லிஃப்ட் கத்தும். கத்தினால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் அவர் வயிற்றைப் பார்ப்பார்கள். எடை நூற்றைம்பத்தெட்டு கிலோ.

வேலையில் மட்டும் அந்த எடைக்குத் தனி மரியாதை. லிஃப்ட் எவ்வளவு பாரத்துக்கு மேல் போனால் கத்த வேண்டும் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை செட் பண்ண வேண்டும். ஆறு பேர் போகிற லிஃப்டுக்குக் கணக்கு நானூற்றெட்டு கிலோ. அவ்வளவு எடைக்கும் இரும்புக் கல்லை உள்ளே அடுக்கி, போர்டில் பட்டனை அழுத்தினால், 'இதற்கு மேல் போனால் கத்து' என்று அது மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். கல் ஒன்று இருபத்தைந்து கிலோ. வேனிலிருந்து தூக்கிவந்து அடுக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஒரு நாள், கூட வேலை பார்க்கிற கூட்டாளிதான் ஒரு குறுக்குக் கணக்கைக் கண்டுபிடித்தான். பத்துக் கல் இருநூற்றைம்பது, மிச்சக் கல்லுக்குப் பதிலாக அண்ணனே ஏறி நின்றால் நூற்றைம்பத்தெட்டு, கூட்டினால் நானூற்றெட்டு. அதிலிருந்து ஆறு பேர் லிஃப்ட் என்றால் இருவருக்கும் ஒரே பேச்சு: "பத்துக் கல், ஒரு அண்ணன்." அண்ணனும் மூன்று வருஷமாக ஒரு கிலோ ஏறாமல் இறங்காமல் ஒத்துழைத்தார்.

மோசம் செய்தது ஒரு துவாரம். பழைய கட்டடம் ஒன்றில் மெஷின் ரூமுக்கு ஏணி ஏறி, அதன் தரையில் இருக்கிற சதுரக் கதவு வழியாக நுழைய வேண்டும். தலை போனது, தோள் போனது, வயிறு நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழேயிருந்து கூட்டாளி காலைப் பிடித்து இழுக்க, முன்னாலேயே மேலே ஏறிப்போயிருந்த வாட்ச்மேன் தலையைப் பிடித்து அமுக்க, கடைசியில் ஒரு டப்பா கிரீஸைத் தடவித்தான் ஆளை மீட்டார்கள்.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். அதனால்தான் வலித்தது.

"இனிமே நீங்க ஆபீஸ்ல ஃபோன் எடுங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கூப்பிடுவாங்க, தைரியம் சொல்லுங்க. ஒரு வருஷம் உங்க இடத்துக்கு ஆள் போடமாட்டேன். அதுக்குள்ள அந்தக் கதவுல நுழைஞ்சு காட்டிட்டா உங்க வேலை உங்களுக்கு. இல்லைன்னா ஃபோன்தான், கடைசி வரைக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னார். அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. இரண்டாவது மாதம் மனைவி, எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள்.

"வயித்தை வெட்டறதா? நான் வாயைக் கட்டிக்கறேன்மா, போதும்."

"பத்து வருஷமா கட்டறீங்க. முடிச்சு நிக்கல," என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "உங்க குறட்டை நடுவுல நின்னு போகுதுங்க. நின்னா நான் முழிச்சுக்கறேன். மறுபடி வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கேன். போன வாரம் முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன்."

மறுநாளே அவளோடு டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம், இதயம், நுரையீரல் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். மனசைக்கூட விடவில்லை, அதற்கும் ஒரு அம்மா தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பிறகு இரண்டு வாரம் வெறும் திரவம். கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போக இடம் கிடைக்குமாம். இடப் பிரச்சினை என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, அது அவர் தொழில். ஆனால் நாக்குக்குப் புரியவில்லை. நாலாம் நாள் பக்கத்து மேஜைக்காரி பிஸ்கட்டைக் கடித்த சத்தத்துக்கு இவர் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் ஃபோனில், "சார், என்கிட்ட ஒரு பாக்கெட் சிப்ஸ் இருக்கு, சமாளிச்சுக்குவேன்" என்றார். அவரைக் காப்பாற்றுவதா, பொறாமைப்படுவதா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் சுருக்கமாக முடிந்தது. முக்கால்வாசி இரைப்பையை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்கள். வயிற்றில் வலிக்கும் என்று தயாராக இருந்தவருக்குத் தோளில் வலித்தது. ஆபரேஷனுக்காக உள்ளே அடைத்த காற்றின் வேலை என்றாள் நர்ஸ். அன்று சாயந்திரமே எழுப்பி நடக்கவிட்டாள். பின்னால் கட்டிக்கொள்கிற அங்கி, முழுசாக மூடவில்லை. "பின்னாடி நான் வர்றேன், நீங்க முன்னாடி பார்த்து நடங்க," என்றாள் மனைவி.

வீட்டில் அவள் ராஜ்ஜியம். மருந்து மூடியில் தண்ணீர், ஒரு வாய், அப்புறம் காத்திருப்பு. ஆஸ்பத்திரியில் டயட் சொல்கிற அம்மா கொடுத்த தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். ஐந்தாவது வாரம் மசித்த முட்டையை மூன்று ஸ்பூன் வேகமாக விழுங்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் திட்டவில்லை. சமையலறையிலிருந்து மணியடிக்கிற டைமரை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது மாதம் முடி கொட்டியது. நாலாவது மாதம் எடை நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பேன்ட் மட்டும் இடுப்பில் நிற்காமல் மானத்தை வாங்கியது. ஒரு நாள் காலையில் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து, "ராத்திரி முழுக்கத் தூங்கிட்டேங்க" என்று ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி சொன்னாள். அன்றைக்கு அவர் தராசில் ஏறவே இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

ஏழாவது மாதம், டாக்டர் பாரம் தூக்கலாம் என்றதும், அதே கட்டடம், அதே ஏணி. மேனேஜர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். தலை, தோள், வயிறு, கால். மேலேயிருந்து இரண்டு கையையும் ஆட்டினார் நம்மவர். கூட்டாளி விசிலடித்தே விட்டான். மூவரும் தலைகால் புரியாமல் சிரித்தார்கள். மேனேஜர் கிளம்பியதும், அந்த ஆறு பேர் லிஃப்டை வருஷாந்தர எடைக் கணக்குக்கு செட் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்தாம் நாள் புகார் வந்தது. அஞ்சு பேர் ஏறினாலே லிஃப்ட் கத்துகிறதாம். நாலாவது மாடியில் முட்டிவலிக்கார அம்மா ஒருவர் இரண்டு நாளாகப் படியேறுகிறாராம்.

"திரும்பி வந்த முதல் வேலையே இப்படியா அண்ணே?" என்றார் மேனேஜர் ஃபோனில். அதட்டவில்லை. ஆனால் நம்மவருக்கு அந்த ஃபோன் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

போர்டைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒயரை மாற்றினார்கள். எடையை உணர்கிற கருவியைத் துடைத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. "சரி, மொதல்லேர்ந்து செட் பண்ணுவோம்," என்று கூட்டாளி கற்களை அடுக்கினான். எண்ணி முடித்துவிட்டு வழக்கம்போலப் பாடினான்:

"பத்துக் கல், ஒரு அண்ணன். ஏறுங்க."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"டேய். அண்ணன் எத்தனை கிலோடா?"

"நூத்தம்பத்…" கூட்டாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அய்யோ அண்ணே!"

நூற்றெட்டு. காலையில் பார்த்த எடை. ஐம்பது கிலோ குறைத்துச் செட் பண்ணியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து, சந்தோஷத்தில்.

வேனுக்குப் போய் மிச்சம் இரண்டு கல்லை அவரே தூக்கிவந்தார், கைக்கு ஒன்றாக. பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நடுவில் கீழே வைத்துவிட்டு அவற்றையே பார்த்தார். இதைக் கீழே வைக்காமல் எத்தனை வருஷம் நடந்திருக்கிறோம் என்று நினைத்து, இரண்டையும் மறுபடி தூக்கினார். கூட்டாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

செட் பண்ணி முடித்ததும் மேனேஜரைக் கூப்பிட்டார். "போர்டு மேல தப்பில்ல சார். என் மேலதான். நான் இன்னும் பழைய எடையிலதான் இருக்கேன்னு நெனச்சுட்டோம்."

 அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "இனிமே மனுஷனைக் கல்லா வெக்காதீங்கப்பா. நாளைக்கு எட்டு மணிக்கு அடுத்த கட்டடம், ரெண்டு பேரும் வந்துருங்க."

கற்களை இறக்கி, கூட்டாளி வேனுக்கு எடுத்துப்போனான். கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்தது. முட்டிவலிக்கார அம்மா, காய்கறிப் பையோடு ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களுடைய அம்மா என்று ஐந்து பேர் ஏறினார்கள். கத்தவில்லை. முட்டிவலிக்கார அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நீங்க போங்க, நான் அடுத்ததுல…" வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"அதான் இடம் இருக்கே. வாங்க தம்பி."

ஒரு காலை வைத்தார். காத்திருந்தார். இன்னொரு காலையும் வைத்தார். கதவு மூடியது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காய்கறிப் பைக்காரர் பட்டன் பக்கம் நின்றுகொண்டு, "உங்களுக்கு எந்த மாடிங்க?" என்று கேட்டார்.

அவருக்கு மேலே ஒரு வேலையும் இல்லை. கருவிப் பெட்டி கீழே இருந்தது.

"கடைசி மாடி," என்றார்.