கறுக்காத கொலுசு

கொலுசு கறுக்கவில்லை. அதனால்தான் சாப்பிட்டோம்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள், மயிலம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் அக்காவும் நானும் காளான் பறித்தோம். எப்போதும் புற்றின் மேல் முளைத்ததைத்தான் எடுப்போம். அன்று புற்று காலியாக இருந்தது. தள்ளி, மரத்தடியில் வேறு காளான்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. அவற்றைப் பறித்தோம்.

குழம்பு கொதிக்கும்போது அக்கா ஒரு கால் கொலுசைக் கழற்றிக் கழுவி உள்ளே போட்டாள். விஷமாக இருந்தால் வெள்ளி கறுக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

“பாருடி, பளபளன்னு கீது. இன்னிக்கிக் கொலுசுக் கொழம்பு!” என்று சிரித்தாள்.

அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். எனக்குக் காளான் அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு வாய்தான்.

அது மதியம். மறுநாள் விடியும்போதுதான் இருவருக்கும் வாந்தியும் பேதியும் தொடங்கின. திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் (நரம்பு வழியாக ஏற்றும் மருந்து நீர்) போட்டார்கள். அடுத்த நாள் காலை அக்கா தலை வாரிக்கொண்டு இட்லி கேட்டாள்.

“ஜல்தி கெளம்புடி. அம்மா ஒண்டியா மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கும்.”

டாக்டர் விடவில்லை. “இது நல்லாயிட்ட மாதிரிதாம்மா காட்டும். உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கலாம். ரெண்டு நாள் இருங்க.”

“எழுந்து நடக்கறா, துன்றா. இன்னா சார் நீங்க, சும்மா பேஜாரு பண்றீங்க?” என்று சண்டை போட்டது நான்தான். எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அன்று முழுக்க அக்கா நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கினாள். மண்ணை உதறினாள். என் கை மெதுவாகப் போகிறதென்று கேலி செய்தாள். அவளுக்குள் ஈரல் செத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் வெயிலில் அவள் கண் மஞ்சளாகத் தெரிந்தது.

“இன்னாடி அப்பிடிப் பாக்கற?” என்றாள்.

விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். ஈரல் செயலிழப்பு (ஈரல் தன் வேலையை நிறுத்திவிடுவது) என்றார்கள். இரண்டு நாள் கழித்து என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்: “நீங்க யாரு வூட்டுப் பொண்ணுங்க?”

அன்று மாலையே போய்விட்டாள்.

என் ஈரலும் அடிபட்டிருந்தது, தேறிவிட்டது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொலுசுக்கு எதுவும் தெரியாது. காளான் சாப்பிட்டு வாந்தி எடுத்து, அது நின்றுவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அந்தக் கொலுசை அம்மா என் காலில் மாட்டிவிட்டார். நடந்தால் எனக்கு முன்னால் யாரோ நடப்பது போலிருக்கிறது. வலி வந்தால் எனக்குப் பயமில்லை. எதுவும் வலிக்காமல் எழுந்திருக்கும் காலையில்தான் கண்ணாடியை வெயிலுக்கு எடுத்துப்போய்க் கண்ணைப் பார்க்கிறேன். நன்றாக இருக்கும் நாள் முடிகிற வரைக்கும் அது எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரிவதில்லை.