பதினாலாம் நம்பர் பாஸ்

இன்று எங்கள் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். சரக்குக்கான சலான் பாதி அச்சாகி நின்றுவிட்டது. அது இல்லாமல் லாரி நகராது. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

புரோகிராம் எழுதிய மஞ்சுளா காரணத்தைக் கண்டுபிடித்தார். "ஃபைலத் தொறந்தா சிஸ்டம் ஒரு நம்பர் குடுக்கும் சார். மூடினா அதே நம்பர அடுத்த ஃபைலுக்குக் குடுத்துடும். நான் ஒரே ஃபைல ரெண்டு எடத்துல மூடிட்டேன். அதுக்குள்ள அந்த நம்பர் சலானுக்குப் போயிடுச்சு, ரெண்டாவது தடவ மூடினது சலானை."

ஃபைலைத் திறந்த இடத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை அதை மூடும்படி திருத்தினார். லாரி கிளம்பியது.

நானும் கிளம்பினேன். எங்கள் புகைப்படக்காரர், தன் பாஸோடு மேசையில் கிடந்த என் விசிட்டர் பாஸையும் உதவியாக வாசலில் ஒப்படைத்துவிட்டு முன்பே போயிருந்தார்.

"பதினாலாம் நம்பரா? அந்தப் பாஸ வாங்கிட்டு வேற ஒருத்தரு இப்பத்தான் உள்ள போனாரு. நீங்க யாரு சார்?" என்றார் வாட்ச்மேன்.

மஞ்சுளா வந்து சொன்ன பிறகுதான் என்னை வெளியே விட்டார்கள். உங்களுக்கும் இப்படி உதவுகிற நண்பர் உண்டா?